பெங்களூரு விழாவா, சென்னை விழாவா?

பெங்களூரின் அல்சூரிலும் ராமமூர்த்தி நகரிலும் இருக்கிற தமிழ் சினிமாப் பிரியர்களுக்கு நான் முதலில் சொல்வது பெங்களூரு சர்வதேசத் திரைப்பட விழாவைத்தான். 2006-இல் தொடங்கிய இதை மாநில அரசின் திரைப்பட அமைப்பான கர்நாடகச் சலனசித்திர அகாடமி நடத்துகிறது. நட்சத்திரங்களைப் பார்க்க ஆசையென்றால் தொடக்க விழாவுக்குப் போங்கள். 2025-இல் கர்நாடகச் சட்டமன்றக் கட்டடமான விதான சௌதாவில் அப்போதைய முதலமைச்சர் சித்தராமையா தொடங்கி வைத்தார், கன்னட நடிகர் சிவராஜ்குமார் வந்திருந்தார். ஆனால் அந்த வருடம் விழாவின் உயிர் ராஜாஜிநகர் ஓரியன் மால் தியேட்டர்களில்தான் இருந்தது. கன்னடப் போட்டிப் பிரிவைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். நாம் பிழைக்கிற ஊரின் மொழியில் வரும் சின்னப் படங்கள் அவை. பல படங்கள் பிறகு தியேட்டரில் ஒரு வாரம்கூட நிற்பதில்லை. ஆங்கில சப்டைட்டில் இருப்பதால் கன்னடம் தடுமாறினாலும் பயமில்லை. இயக்குநர் வந்திருந்தால் படம் முடிந்ததும் நேரிலேயே கேள்வி கேட்கலாம். எந்த நடிகரோடு எடுத்த செல்ஃபியைவிடவும் எனக்கு அதுதான் பெரிது.

சென்னை விழா 2003-இல் தொடங்கியது, வழக்கமாக டிசம்பரில் நடக்கும். தமிழ்ப் படங்களுக்குத் தனிப் போட்டி உண்டு. நிறைவு விழாவில் நம் நடிகர்கள் விருது வாங்கும்போது எழும் கைதட்டல் பெங்களூரில் கிடைக்காது. அமிதாப் பச்சன் பெயரிலும் அங்கே ஒரு விருது இருக்கிறது. ரயில், அறை, லீவு மூன்றுக்கும் வழியிருந்தால் கடைசி இரண்டு நாளுக்கு மட்டும் போய்வாருங்கள்.