கேமரா ஓடும், பதிவு இருக்காது: ரூ.38,500 கொடுத்து ஏமாந்த கதை

தாம்பரத்தை அடுத்த எங்கள் பகுதியில் வீட்டுக்குக் கண்காணிப்புக் கேமரா பொருத்த நினைப்பவர்கள், இதைப் படித்த பிறகு முன்பணம் கொடுங்கள். சிசிடிவி விற்றுப் பொருத்தியும் தரும் ஒரு கடைக்கு நாங்கள் ரூ.38,500 கொடுத்தோம். சென்ற வாரம் உறவினர் திருமணத்துக்காகத் திருநெல்வேலி சென்றிருந்த இரவில், பின்கதவை நெம்பித் திறந்து உள்ளே புகுந்தவர்கள், பூஜையறையிலிருந்த வெள்ளி விளக்குகளையும் பீரோவிலிருந்த பணத்தையும் எடுத்துச் சென்றுவிட்டார்கள். நான்கு கேமராக்களும் அப்போது இயங்கிக்கொண்டுதான் இருந்தன. ஒரு நொடிக் காட்சிகூடப் பதிவாகவில்லை.

கடைக்காரர் முன்பின் தெரியாதவர் அல்லர். தெருமுனைப் பிள்ளையார் கோயிலுக்குக் கேமரா போட்டுக் கொடுத்தவர் என்பதால் தெருவில் எல்லோரும் அறிந்த முகம். நான்கு வீடுகள் சேர்ந்து வாங்கினால், தெருவைப் பார்த்தபடி ஒரு கேமராவை இலவசமாக வைத்துத் தருவதாகச் சொன்னார். தெருக்களில் கேமரா பொருத்த 2017இல் சென்னைக் காவல்துறை தொடங்கிய ‘மூன்றாவது கண்’ திட்டத்தைப் பற்றியும் பேசினார். கேமரா இருக்கும் தெருவில் திருடன் கால் வைக்கத் தயங்குவான் என்றார். பொருத்தி முடித்த மாலையில் என் தாயாரின் கைப்பேசியை வாங்கிச் செயலியை ஏற்றி, வாசல், மாடிப்படி, கொல்லைப்புறம் என்று ஒவ்வொன்றாகத் திறந்து காட்டி, “அம்மா, இனிமே நீங்க காசிக்கே போனாலும் வீடு உங்க கைக்குள்ளதான்” என்றார். சற்று முன் பதிவான காட்சியையும் ஓட்டிக் காட்டினார். என் தாயார் அவருக்குக் காபி கலந்து கொடுத்துவிட்டு, மீதிப் பணத்தை உடனே அனுப்பிவிடும்படி என்னிடம் சொன்னார். அங்கேயே கைப்பேசியில் அனுப்பினேன். மொத்தம் ரூ.38,500.

பில் கேட்டபோது கடையின் கணினி பழுது என்றும், வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவதாகவும் சொல்லி, ‘எஸ்டிமேட்’ என்று அச்சிட்ட தாளில் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தார். பில் இன்றுவரை வரவில்லை. ஆனால் அந்தத் தாளில் ‘2 டிபி சர்வைலன்ஸ் ஹார்ட் டிஸ்க்’ (கேமரா காட்சிகளைச் சேமிக்கும் 2,000 ஜிபி வட்டு) என்று அவருடைய கையெழுத்திலேயே இருக்கிறது.

ஊருக்குக் கிளம்பும் முன் காவல் நிலையத்தில் வீடு பூட்டியிருக்கும் என்று தகவலும் கொடுத்திருந்தோம். இரவு ரோந்து வந்த காவலர், ரோந்து வந்ததற்கு அடையாளமான பட்டா புத்தகத்தில் கையெழுத்திட்டுச் சென்றிருக்கிறார். திருட்டு அதற்குப் பிறகு நடந்திருக்க வேண்டும். உதவி ஆய்வாளர் வந்து முதலில் கேட்டது கேமரா பதிவைத்தான். காட்சிகளைப் பதிவுசெய்யும் பெட்டியான டிவிஆரைத் திறந்தால் நேரலை பளிச்சென்று தெரிகிறது. பழைய பதிவுகளுக்குப் போனால், கேமரா பொருத்திய சில வாரங்களோடு எல்லாம் நின்றுபோயிருக்கிறது. வேறொரு டெக்னீஷியனை வரவழைத்துப் பெட்டியைக் கழற்றினோம். உள்ளே இருந்தது, ஏதோ பழைய மேசைக் கணினியிலிருந்து பிடுங்கிய 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். அதன் சீட்டில் தயாரிப்பு ஆண்டு 2014. ஹார்ட் டிஸ்க் பழுதானால் டிவிஆர் விடாமல் ‘பீப்’ ஒலி எழுப்பும். அந்த எச்சரிக்கை ஒலியை அமைப்புகளுக்குள் சென்று அணைத்து வைத்திருந்தார்கள். கவனக்குறைவில் யாரும் அதைத் தேடிப்போய் அணைப்பதில்லை.

செய்தி பரவியதும் மற்ற மூன்று வீட்டாரும் தங்கள் பெட்டிகளைத் திறந்து பார்த்தார்கள். இரண்டில் இதே போன்ற பழைய டிஸ்க். அவர்களும் தலா ரூ.38,500 கொடுத்தவர்கள்.

அதன் பிறகு கடையிலிருந்து வந்த பதில்களைக் கேளுங்கள். முதலில், மின்வெட்டில் டிஸ்க் போயிருக்கும், யூபிஎஸ் வைக்காதது எங்கள் தவறு என்றார்கள். 2014ஆம் ஆண்டுச் சீட்டைப் படமெடுத்து அனுப்பியதும், டிஸ்க்குக்கு வாரண்டி கொடுப்பது கம்பெனிதான், கடை அல்ல என்றார்கள். எந்தக் கம்பெனி என்று கேட்டால் பதில் இல்லை. ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் போட்டிருந்தால் வந்து பார்த்திருப்பார்களாம்! நேரில் போனால், முதலாளி ‘சைட்டில்’ இருப்பதாகக் கடைப்பையன் சொல்கிறான். முதலாளியின் பைக் வாசலிலேயே நிற்கிறது.

என் ஆத்திரத்தை உச்சத்துக்குக் கொண்டுபோனது இன்னொன்று. செயலியில் எங்கள் டிவிஆரின் உரிமையாளர் கணக்காக இருப்பது கடையின் கைப்பேசி எண். நாங்கள் வெறும் பகிர்வுப் பயனர்கள். அதாவது எங்கள் வாசலையும், நாங்கள் வீட்டில் இருக்கிறோமா இல்லையா என்பதையும், இத்தனை மாதங்களாக அந்தக் கடையில் யார் வேண்டுமானாலும் பார்த்திருக்க முடியும். திருட்டோடு இதற்குத் தொடர்பு உண்டு என்று நான் சொல்லவில்லை. அதைக் காவல்துறை விசாரிக்கட்டும். ஆனால் அந்தக் கணக்கை விடுவித்துத் தரச் சேவைக் கட்டணம் ரூ.1,500 கேட்கிறார்கள். ரூ.38,500 போதாதாம்.

திருட்டுக்கு முதலில் சிஎஸ்ஆர் ரசீது (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சான்று) கொடுத்து, பிறகு பாரதிய நியாய சன்ஹிதாவின் 331 (வீடு புகுதல்), 305 (வீட்டில் திருட்டு) பிரிவுகளில் எஃப்ஐஆர் பதிந்திருக்கிறார்கள். கடை மீது தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் சொல்லியிருக்கிறேன். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் அங்கே கட்டணம் இல்லை.

என்னென்ன பார்த்து வாங்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போது அதற்குப் பொறுமை இல்லை. ஹார்ட் டிஸ்க்கை உங்கள் கண்ணெதிரே அதன் அட்டைப்பெட்டியிலிருந்து பிரித்துப் பொருத்தச் சொல்லி, அதன் வரிசை எண்ணைப் பில்லில் எழுதி வாங்குங்கள். எஸ்டிமேட் தாளை வாங்கிக்கொண்டு முழுப்பணத்தையும் தராதீர்கள். செயலியின் உரிமையாளர் கணக்கு உங்கள் எண்ணில் இருக்க வேண்டும். கடவுச்சொல்லை, கேமரா பொருத்தியவர் கிளம்பியதும் மாற்றுங்கள். நேரலை தெரிகிறது என்பதற்காக நிம்மதியாக இருந்துவிடாமல், வாரம் ஒருமுறை முந்தைய நாள் பதிவை ஓட்டிப் பாருங்கள். ஏற்கெனவே கேமரா வைத்திருப்பவர்கள் இன்றைக்கே பாருங்கள்.

கடையின் பெயரை யாரும் கேட்க வேண்டாம். ஆணையத்தில் மனு கொடுக்கும் வரை எழுத மாட்டேன். அதே கடையில் வாங்கி, அதே எஸ்டிமேட் தாளை வைத்திருக்கும் எங்கள் பகுதிக்காரர்கள் இருந்தால் சொல்லுங்கள், சேர்ந்தே மனு கொடுப்போம்.