குட்டி யானை, தோஸ்த், சூப்பர் கேரி: கோத்தகிரி மலை ஏறிய கணக்கு

லோடு வண்டி வாங்கப் போகிறவர்கள் என்னிடம் வந்தால் முதலில் கேட்பது, "மைலேஜ் எவ்வளவுங்க குடுக்குது?" என்றுதான். நானும் 2008-ல் அதைத்தான் கேட்டேன். அப்போதிலிருந்து மூன்று வண்டி வைத்துப் பார்த்தாயிற்று. டீசல் போடும் ஒவ்வொரு தடவையும் கிலோமீட்டரை நோட்டில் குறித்து வைக்கும் பழக்கம் உண்டு. இந்தக் கணக்கு அந்த நோட்டிலிருந்து வந்ததுதான்.

என் வேலை எளிமையானது. கோத்தகிரிப் பக்கத் தோட்டங்களில் கேரட், பீட்ரூட், முட்டைக்கோஸ் எடுத்து மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறக்குவது. ஒரு வழி 33 கிலோமீட்டர். பெரும்பாலும் வண்டி காலியாக ஏறி, நிறைந்து இறங்கும். வாரத்தில் இரண்டு நாள் மேலே உள்ள கடைகளுக்கு அரிசி, மளிகை ஏற்றிப் போவோம். அது தவிர கோயம்புத்தூர்க் கடைகளுக்குச் சில்லறை லோடு.

முதல் வண்டி டாடா ஏஸ். 2005-ல் சந்தைக்கு வந்த வண்டி, குட்டி யானை என்றால்தான் எங்கள் ஊரில் தெரியும். இரண்டு சிலிண்டர், 702 சிசி டீசல், 16 குதிரைசக்தி, நான்கு கியர். முக்கால் டன் ஏற்றலாம். சமவெளியில் லிட்டருக்கு 19 கிலோமீட்டர்கூடக் கொடுத்திருக்கிறது. மூன்று சக்கர ஆட்டோவில் லோடு அடித்துக்கொண்டிருந்தவனுக்கு அது பெரிய வண்டி. ஆனால் 16 குதிரைசக்தியை வைத்து மலை ஏறுவது வேறு விஷயம். அரிசி மூட்டையோடு பாதித் தூரம் இரண்டாம் கியரிலேயே போகும். பின்னால் பஸ்காரர் ஹாரன் அடித்துக்கொண்டே வருவார். அதிலும் நான் ஒரு டன் ஏற்றினேன். பின்பட்டை (பின்பக்க ஸ்பிரிங்) உடைந்தது. வண்டியைக் குறை சொல்ல முடியாது, முழுக்க என் பேராசை. பட்டை மாற்றிய செலவில் இரண்டு மாத மைலேஜ் லாபம் போனது.

2012-ல் அசோக் லேலண்டின் தோஸ்த் எடுத்தேன். நிசானோடு சேர்ந்து அதற்கு முந்தைய வருடம்தான் கொண்டுவந்திருந்தார்கள், ஓசூர்த் தயாரிப்பு. மூன்று சிலிண்டர், 1.5 லிட்டர் டீசல், ஒன்றேகால் டன். இருப்பதிலேயே விலை குறைந்த மாடலைப் பார்த்து வாங்கினேன். அதில் பவர் ஸ்டியரிங் கிடையாது. வாங்கும்போது அது பெரிதாகத் தெரியவில்லை. முழு லோடோடு கொண்டை ஊசி வளைவில் திருப்பும்போதுதான் தெரிந்தது. டிரைவர் தம்பி கையை உதறிக்கொண்டே, "மிச்சம் பண்ணுன காசு பூரா என்ர தோளுக்குத்தானுங்ண்ணா போகுது" என்பார். இந்த ஒன்றில் மட்டும் நான் செய்ததை யாரும் செய்யாதீர்கள்.

மற்றபடி அன்றிலிருந்து ஓடுகிறது. கிளட்ச் இரண்டு தடவை, டயர் எத்தனை தடவை என்று நினைவில்லை. ஒருமுறை புது டிரைவர் ஒருவர் டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் இறக்கினார். அடிவாரம் வருவதற்குள் பிரேக் லைனிங் தீய்ந்த வாடை வண்டி முழுக்க. எந்தக் கியரில் ஏறுகிறோமோ அதே கியரில் இறங்க வேண்டும் என்பது இங்கே சின்னப் பையனுக்கும் தெரியும். அவர் அன்றோடு வேலைக்கு வரவில்லை, நானும் கூப்பிடவில்லை.

2021-ல் தோஸ்த்தோடு சேர்த்து இன்னொரு வண்டி தேவைப்பட்டது. அதற்குள் நிலைமை மாறிவிட்டது. 2012-ல் பெட்ரோலுக்கும் டீசலுக்கும் லிட்டருக்கு இருபது ரூபாய்க்கு மேல் வித்தியாசம். 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாட்டை எடுத்தார்கள். 2025-ல் வித்தியாசம் எட்டு ரூபாய் சொச்சம்தான். 2020-ல் பி.எஸ். 6 என்ற புது புகை விதி வந்ததும் புகையைச் சுத்தம் செய்யும் கருவிகள் சேர்ந்து டீசல் இன்ஜின் விலை ஏறியது. மாருதி டீசலையே விட்டுவிட்டது. அப்படித்தான் அவர்களுடைய பெட்ரோல் சூப்பர் கேரி வீட்டுக்கு வந்தது. நான்கு சிலிண்டர், 1.2 லிட்டர், ஐந்து கியர், 740 கிலோ. கார் மாதிரி ஓடுகிறது, சத்தமே இல்லை.

சரி, கணக்குக்கு வருவோம், 2025 விலையில். மலைப்பாதையில் போக வர 66 கிலோமீட்டர். தோஸ்த் லிட்டருக்கு 11 கொடுக்கிறது: 6 லிட்டர் டீசல், 93 ரூபாய் வீதம் 558. சூப்பர் கேரி 12 கொடுக்கிறது: ஐந்தரை லிட்டர் பெட்ரோல், 101 ரூபாய் வீதம் 555. மூன்று ரூபாய் வித்தியாசம்! ஆனால் தோஸ்த் 1,200 கிலோ இறக்குகிறது, அது 700. கிலோவுக்கு 46 பைசா எங்கே, 79 பைசா எங்கே. மைலேஜ் அதிகமுள்ள வண்டிதான் இங்கே செலவு வைக்கிறது.

கோயம்புத்தூர்ச் சில்லறை லோடுக்கு இது அப்படியே திரும்பும். ஏற்றுவது 400 கிலோதான், சந்து பொந்தெல்லாம் சேர்த்து 80 கிலோமீட்டர். எரிபொருள் செலவு இரண்டுக்கும் 510 ரூபாய்க்குப் பக்கத்தில்தான். ஆனால் சூப்பர் கேரி வாங்கிய விலை குறைவு, மாத டியூ குறைவு, பத்து கடையில் நிறுத்தி எடுக்க லேசு. அங்கே தோஸ்த்தை அனுப்புவது வீண். அதனால் யாராவது மைலேஜ் கேட்டால், "ஒரு நடைக்கு எத்தனை கிலோ ஏத்துவீங்க?" என்று நான் திருப்பிக் கேட்கிறேன். பலருக்குப் பதில் தெரிவதில்லை. ஒரு மாதம் வாடகை வண்டி வைத்து எழுதிப் பாருங்கள் என்று அனுப்பிவிடுவேன்.

பொலேரோ பிக்கப்பைப் பற்றி ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். மச்சான் வைத்திருக்கிறார். இரண்டரை லிட்டர் இன்ஜின், மலையில் மூச்சு வாங்காது. ஆனால் அவருக்குப் போகும்போதும் லோடு, வரும்போதும் லோடு. எனக்கு ஒரு வழி காலி. அவ்வளவு பெரிய இன்ஜினைக் காலியாக மேலே ஏற்ற எனக்கு மனசு வரவில்லை. டாடா இன்ட்ரா வி30-ஐ ஒரே ஒரு நாள் ஓட்டிப் பார்த்தேன். பிடித்திருந்தது, ஆனால் ஒரு நாளில் எந்த வண்டிதான் பிடிக்காது?

இன்னொன்று, எஃப்.சி., அதாவது வண்டி ரோட்டில் ஓடத் தகுதியானது என்று வாங்கும் சான்று. புது வண்டிக்கு எட்டு வருடம் வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, அப்புறம் வருடா வருடம். தோஸ்த்துக்கு ஒவ்வொரு தடவையும் டிங்கரிங், பெயின்ட், லைட் என்று நாலு நாள் நிற்கிறது. அந்த நாலு நாள் வாடகை வண்டிக்குக் கொடுப்பதையும் இப்போது நோட்டில் எழுதுகிறேன்.

அடுத்த எஃப்.சி.க்கு முன்னால் தோஸ்த்தை மாற்றலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். டிரைவர் தம்பியிடம் கேட்டேன். எந்தக் கம்பெனி, எத்தனை டன் என்றெல்லாம் அவர் சொல்லவில்லை. "எதை வேணா வாங்குங்ண்ணா, பவர் ஸ்டியரிங் இருக்குதான்னு மட்டும் ஒருக்கா பாத்துருங்" என்றார்.