உடம்புத் தண்ணி காட்டும் நிறை மிசின்: மூன்று மாதம் பாவித்த பிறகு

இணையத்தில் ஓடர் பண்ணி, மட்டக்களப்புக்கு வந்து சேர பதினொரு நாள் எடுத்த கண்ணாடித் தட்டு மிசின் இது, விலை 6,500 ரூபாய். வெறுங்காலோடு ஏறி நின்றால் நிறை, கொழுப்பு, தசை, 'உடல் நீர்' என்று ஒரு பட்டியலே போனில் வந்து விழும். நான் வாங்கியது அந்த உடல் நீருக்காகத்தான். கச்சான் என்கிற சூடான வரண்ட காற்று அடிக்கிற மாதங்களில் பின்னேரம் கல்லடிப் பாலத்தடியில் இருந்து நாவலடிப் பக்கம் ஓடிவிட்டு வந்தால் தலை கிறுகிறுக்கும், உடம்பில் தண்ணி குறைந்துதானோ என்று பார்க்க நினைத்தேன்.

ஒருநாள் ஓட முதல் ஏறினேன்: 74.3 கிலோ, தண்ணி 54 வீதம். இடையில் ஒரு சொட்டும் குடிக்காமல் ஓடி வந்து, உடுப்பு மாற்றி, வியர்வையைத் துடைத்துவிட்டுத் திரும்ப ஏறினால் 73.1. ஒன்றே கால் லீற்றருக்குக் கிட்ட வியர்வையாகப் போயிருக்கு, ஆனால் மிசின் சொல்லுது தண்ணி 56 வீதமாம், கூடிப் போச்சாம்! விசயம் என்னவென்றால் இது தண்ணியை அளப்பதே இல்லை, பாதத்தால் சின்ன மின்சாரத்தை அனுப்பி எவ்வளவு தடை இருக்கு என்று பார்த்து மிச்சத்தைக் கணிக்குது. ஓடி முடிந்த சூட்டில் தோல் ஈரம், இரத்த ஓட்டமும் கூட, அதனால் தடை குறைய, தண்ணி கூட இருக்கு என்று மிசின் ஏமாந்துவிடும்.

நிறை மட்டும் சரியாகக் காட்டுது, அதுவே எனக்குப் போதும். ஒரு கிலோ குறைந்தால் கிட்டத்தட்ட ஒரு லீற்றர், அதைவிடக் கொஞ்சம் கூடவே, ஆறுதலாகக் குடிக்க வேண்டும். இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு, வியர்வையில் போவதோ பெரும்பாலும் சோடியம். அதனால் நான் உப்புப் போட்ட தேசிக்காய்த் தண்ணிதான் குடிக்கிறேன், இப்போது கிறுகிறுப்பு இல்லை. (பிரஷர், சிறுநீரக வருத்தம் உள்ளவர்கள் டொக்டரிடம் கேட்டுவிட்டுக் குடியுங்கள்.)

சாப்பாடும் இதில் விளையாடும். ஞாயிறு கருவாட்டுக் குழம்போடு ரெண்டு கோப்பை சோறு அடித்தேன், திங்கள் காலை 900 கிராம் கூட. ஒரே இரவில் அவ்வளவு கொழுப்பு வைக்காது, உப்பு பிடித்து வைத்த தண்ணி அது. கூட்டாளி ஒருவன் சோற்றை நிறுத்தி நாலு நாளில் ரெண்டு கிலோ குறைந்தான், ஆள் பெரிய சந்தோசம். மாச்சத்து உடம்பில் கிளைக்கோஜனாகச் சேரும்போது ஒரு கிராமுக்கு மூன்று கிராமளவு தண்ணியையும் சேர்த்துத்தான் வைத்திருக்கும், சோறு நின்றதும் ரெண்டும் போகும். புட்டும் பாணும் திரும்ப வந்த கிழமையே அவனுடைய ரெண்டு கிலோவும் வந்துவிட்டது.

பேஸ்மேக்கர் (இதயத் துடிப்பைச் சீராக்கும் மின் கருவி) வைத்தவர்கள் இதில் ஏறக் கூடாது, பெட்டியிலேயே போட்டிருக்கு. வாங்குவதென்றால் நிறை மட்டும் காட்டுகிற மலிவு மிசினை வாங்குங்கள். என்னுடையதில் அம்மா இப்போது வத்தகப்பழம் நிறுக்கிறா, அதற்கும் தண்ணி வீதம் வருமா என்று கேட்டா.