மருத்துவ அலட்சிய வழக்குக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம்: செலவு குறைவு, பொறுமை நிறைய வேண்டும்

தவறான சிகிச்சையால் உயிர் போனால் நஷ்டஈடு கேட்க சிவில் கோர்ட்டும் இருக்கிறது. ஆனால் கட்டணத்தில் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை மிஞ்ச எதுவும் இல்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கேட்கும் தொகையைப் பார்ப்பதில்லை. ஆஸ்பத்திரிக்குக் கட்டிய பணத்தைத்தான் பார்ப்பார்கள். பில் 4.80 லட்சம், கேட்பது 60 லட்சம் என்றாலும் மாவட்ட ஆணையமே போதும், கட்டணம் ஒரு பைசா கிடையாது. ஆஸ்பத்திரி எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். இறந்தவரின் வாரிசுகள் மனுதாரர் ஆகலாம். ஆனால் எல்லோருக்கும் இலவச சிகிச்சை தரும் அரசு ஆஸ்பத்திரி மீது இங்கே வழி இல்லை. 1995 சாந்தா வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் அதைச் சொல்லிவிட்டது.

உள்ளே போவது சுலபம். ஜெயிப்பது கேஸ் ஷீட்டை, அதாவது ஆஸ்பத்திரி எழுதிவைத்த சிகிச்சைப் பதிவைப் பொறுத்தது. டிஸ்சார்ஜ் சம்மரியை மட்டும் வைத்துக்கொண்டு வருபவர்கள்தான் அதிகம் தோற்கிறார்கள். எழுத்துமூலம் கேட்டால் 72 மணி நேரத்தில் மருத்துவப் பதிவேடுகளைத் தர வேண்டும் என்பது மெடிக்கல் கவுன்சிலின் 2002 விதி. கடிதம் கொடுத்ததற்குக் கையெழுத்து வாங்குங்கள். நர்ஸிங் சார்ட், மயக்க மருந்துக் குறிப்பு, ஒப்புதல் படிவம் மூன்றையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். இரவு 2 மணிக்கு பிபி 80/50, அடுத்த பதிவு காலை 6 மணிக்கு என்று இருந்தால், அந்த நாலு மணி நேரம்தான் உங்கள் வழக்கு.

நோயாளி இறந்துவிட்டார் என்பது மட்டுமே அலட்சியத்துக்கு ஆதாரம் ஆகாது. அந்தத் தவறால்தான் இறந்தார் என்று காட்ட வேண்டும். போஸ்ட்மார்ட்டம் வேண்டாம் என்று உடலை வாங்கிவிட்ட வழக்குகள் பெரும்பாலும் இங்கேதான் சறுக்கும். வயிற்றுக்குள் பஞ்சை விட்டுத் தைத்தது போன்ற வெளிப்படையான தவறு தவிர, அதே துறை நிபுணரின் கருத்து இல்லாமல் போகாதீர்கள்.

வேகத்துக்கு மதிப்பெண் குறைவுதான். எதிர்தரப்பு பதிலுரைக்கு 30 நாள், கூடுதலாக 15. அதற்கு மேல் ஒரு நாளும் கிடையாது, 2020இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வே உறுதிசெய்தது. ஆனால் 3 மாதத்தில் தீர்ப்பு என்பது ஏட்டில் மட்டும். அதன் பிறகு மேல்முறையீடு. 1998இல் மனைவியை இழந்த குணால் சாஹாவுக்கு உச்ச நீதிமன்றம் சுமார் 6 கோடி ரூபாய் என்று முடித்துவைத்தது 2013இல்.

வழக்குப் போடக் கெடு 2 ஆண்டு. போலீஸ் புகாரும் மெடிக்கல் கவுன்சில் விசாரணையும் நடக்கிறதே என்று காத்திருந்தால் அந்தக் கெடு நிற்காது.