வூப் ஆப்: தடையையும் சேர்த்துக் கற்பனை செய்யச் சொல்லும் பயிற்சி

குரூப் 2-க்குப் படிப்பவர்களின் அறைக்குப் போனால் சுவரில் ஏதாவது ஒரு படம் ஒட்டியிருக்கும். அரசு ஜீப், சார்பதிவாளர் என்று எழுதிய பெயர்ப்பலகை, ‘இந்த வருஷம் நான்தான்’ என்று ஒரு வாசகம். இதற்கென்றே அட்டை, ஸ்டிக்கர் எல்லாம் சேர்த்து விஷன் போர்டு செட்டாக விற்கிறார்கள், வார இறுதியில் வகுப்பு எடுத்துக் காசு வாங்குகிறவர்களும் உண்டு. எல்லாவற்றிலும் சொல்வது ஒன்றுதான்: கண்ணை மூடு, வேலை கிடைத்துவிட்டதாக நினைத்துக்கொள். அதில் காசைப் போடுவதற்கு முன்னால் வூப் என்ற இலவச ஆப்பை ஒருமுறை பாருங்கள். வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கிற எனக்கு இது நன்றாகவே கைகொடுக்கிறது.

இதை உருவாக்கியவர் காப்ரியேல் எட்டிங்கன், நியூயார்க் பல்கலைக்கழகத்திலும் ஹாம்பர்க் பல்கலைக்கழகத்திலும் பணியாற்றிய உளவியல் பேராசிரியர். மொத்தம் நாலே படி. ஆசை என்ன, அது நிறைவேறினால் கிடைக்கும் நல்ல பலன் என்ன, அதற்குக் குறுக்கே உனக்குள் நிற்கும் தடை என்ன, அந்தத் தடை வந்தால் என்ன செய்யப்போகிறாய். ஒவ்வொன்றையும் சில வார்த்தையில் எழுத வேண்டும், பலனையும் தடையையும் எழுதியதோடு விடாமல் கொஞ்ச நேரம் மனசில் ஓட்டிப் பார்க்க வேண்டும். ஐந்து பத்து நிமிஷத்தில் முடிந்துவிடும். ஆப் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, ஒரு துண்டுத்தாள் போதும், நான் இப்போது பெரும்பாலும் நோட்டில்தான் எழுதுகிறேன்.

மூன்றாவது படியில்தான் விஷயமே இருக்கிறது. ‘நேரம் இல்லை’, ‘சோம்பல்’ என்று எழுதிவிட்டு நகர்ந்தால் ஒன்றும் நடக்காது. இன்னும் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். குரூப் 2 முதல்நிலைத் தேர்வில் 200 கேள்வி, அதில் கணக்கு வரும் திறனறிவுப் பகுதி 25. இந்த 25-ஐ விட்டுக்கொடுத்தால் தேறுவது கஷ்டம் என்று எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் கணக்கு நோட்டு தூசி படிந்து கிடக்கும். என் நோட்டில் இருப்பதை அப்படியே தருகிறேன். ஆசை: இந்த வாரம் தனிவட்டி, கூட்டுவட்டி முடிப்பது. பலன்: மாதிரித் தேர்வில் அந்தப் பக்கம் வரும்போது கை நடுங்காமல் போடுவது. தடை: இரண்டாவது கணக்கு சிக்கினதுமே வயிற்றில் ஒரு பயம், உடனே ‘கொஞ்சம் வரலாறு பார்ப்போம்’ என்று புத்தகத்தை மாற்றுவது. திட்டம்: வரலாற்றுப் புத்தகத்துக்குக் கை போனால், சிக்கின கணக்கின் விடையைப் பார்த்து அதையே ஒருமுறை எழுதிவிட்டு அப்புறம்தான் எடுப்பேன்.

பார்த்தால் சாதாரணமாக இருக்கிறது, இல்லையா? ஆனால் அந்தப் பயத்தை முன்கூட்டியே உட்கார்ந்து மனசில் பார்த்திருப்பதால், அது நிஜமாக வரும்போது ‘ஓ, இதுதான் அது’ என்று அடையாளம் தெரிகிறது, அடுத்து என்ன செய்வது என்று அந்த நேரத்தில் யோசிக்க வேண்டியதும் இல்லை. ‘இப்படி வந்தால் இப்படிச் செய்வேன்’ என்ற இந்த வாக்கிய அமைப்பைப் பல வருஷம் ஆராய்ந்தவர் பீட்டர் கோல்விட்சர் என்ற இன்னொரு உளவியலாளர். அதைத்தான் வூப்பின் நாலாவது படியாக வைத்திருக்கிறார்கள்.

வெறும் இனிப்பான கற்பனை மட்டும் போதாதா என்று கேட்பவர்களுக்கு எட்டிங்கன் 1991-ல் வெளியிட்ட ஓர் ஆய்வைச் சொல்லலாம். உடல் எடை குறைக்கும் திட்டத்தில் சேர்ந்த பெண்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். மெலிந்து அழகாகிவிட்டதாக ரொம்ப இனிமையாகக் கற்பனை செய்தவர்கள், அவ்வளவு இனிமையாகக் கற்பனை செய்யாதவர்களை விட ஒரு வருஷத்தில் சுமார் 11 கிலோ குறைவாகத்தான் இறக்கினார்கள். அப்புறம் 1999-ல் வந்த கலிபோர்னியா ஆய்வு ஒன்று, இது நம்மைப் போலப் படிக்கிறவர்களுக்கு நேராகப் பொருந்தும்: நல்ல மதிப்பெண் வாங்கியதாகக் கற்பனை செய்த மாணவர்களை விட, எங்கே உட்கார்ந்து எப்படிப் படிக்கப்போகிறோம் என்று கற்பனை செய்த மாணவர்கள் அதிகம் படித்தார்கள், மதிப்பெண்ணும் அதிகம் வாங்கினார்கள்.

நீச்சல் வீரர் மைக்கேல் ஃபெல்ப்ஸ் கதையைத் தன்னம்பிக்கை வகுப்புகளில் பாதி மட்டும் சொல்லி விட்டுவிடுகிறார்கள் என்பது என் வருத்தம். அவர் ஜெயிப்பதை மட்டும் மனசில் ஓட்டிப் பார்த்தவர் இல்லை, நீச்சலில் எதெல்லாம் தப்பாகப் போகலாம் என்பதையும் சேர்த்தே ஓட்டிப் பார்ப்பார். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் 200 மீட்டர் பட்டர்ஃப்ளை நீச்சல் இறுதிப்போட்டியில் நீச்சல் கண்ணாடிக்குள் தண்ணீர் நிறைந்து கண்ணே தெரியாமல் போனது. அவர் பதறாமல் கைவீச்சை எண்ணிக்கொண்டே நீந்தி 1 நிமிடம் 52.03 விநாடியில் உலக சாதனையோடு தங்கம் வாங்கினார். தண்ணீர் புகுந்ததைத் தாண்டிப் போனாரே, அந்தப் பாதிதான் நமக்கு வேண்டியது.

குறை என்று பார்த்தால், தடையை உனக்குள் தேடு என்பது எல்லா இடத்திலும் சரிப்படாது. என்னோடு படிக்கும் ஓர் அக்காவுக்கு இரண்டு பிள்ளைகள், சமையல், மாமியாருக்கு மருந்து என்று இரவு பத்து மணிக்குத்தான் புத்தகம் கைக்கு வரும். அவரிடம் போய் ‘உங்களுக்குள் என்ன தடை’ என்று கேட்பதே அநியாயம். ஆனாலும் அவர் எழுதிப் பார்த்தபோது வந்த வரி, ‘சாயங்காலம் ஒரு மணி நேரம் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று வீட்டுக்காரரிடம் கேட்கத் தயக்கம்’. கேட்டார், வாரத்தில் சில நாள் நடக்கிறது. மீதி நாளில் நடக்காததற்கு அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. தேர்வு அறிவிப்பு தள்ளிப்போவது, வீட்டில் நோய் வருவது, இதற்கெல்லாம் எந்தப் பயிற்சியும் பதில் இல்லை. மனசு ரொம்பவே சோர்ந்து கிடப்பவர்கள் ஆப்பைத் தேடாமல் மருத்துவரைப் பார்ப்பதுதான் சரி.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். தடையை நேராகப் பார்க்கும்போது சில ஆசைகள் நமக்கு இப்போது முடியாதவை என்றும் தெரிந்துவிடும். எட்டிங்கனே இதை ஒரு பயனாகத்தான் சொல்கிறார். நாலு தேர்வுக்கு ஒரே நேரத்தில் படித்துக்கொண்டிருந்த எனக்கு வங்கித் தேர்வைக் கீழே வைக்கும் தைரியம் இதில்தான் வந்தது.

ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். ஆரம்பிக்கிறவர்கள் ‘குரூப் 2 பாஸ்’ என்று எழுதாதீர்கள், அது ரொம்பப் பெரிது, தடையும் மங்கலாகத்தான் தெரியும். நாளைக்குள் முடிக்கக்கூடிய ஒரு பாடத்தை எழுதுங்கள். தடைக்கு ஒரு வரிக்கு மேல் வேண்டாம், போனைத் தள்ளி வைத்துவிட்டுச் செய்யுங்கள்.