புதுப்பிக்காமல் திருப்பி அனுப்பிய கடை

கோத்தகிரி பஸ் ஸ்டாண்டிலிருந்து டானிங்டன் பக்கம் நடந்தால், ஒரு பேக்கரிக்கு மேலே மாடியில் இருக்கிறது இந்த பிரவுசிங் சென்டர். பெயரைப் போடட்டுமா என்று கேட்டேன். "வேண்டாம் சார், இப்பவே சாதிச் சான்றிதழ் கூட்டத்தைச் சமாளிக்க முடியலை" என்றார் கடைக்காரப் பெண். அதனால் பெயர் இல்லை. வர்க்கி வாசனையைப் பிடித்துக்கொண்டு போங்கள், வந்துவிடும்.

நான் 2004-லிருந்து ஆயுள் காப்பீட்டு ஏஜெண்ட். பகலில் தேயிலை பேக்டரியில் கணக்கு எழுதுவேன், சாயங்காலமும் ஞாயிறும் பாலிசி வேலை. பேக்டரியிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன், ஏஜென்சியை மட்டும் விடவில்லை. என் பாலிசிதாரர்களில் முக்கால்வாசிப் பேர் ஓர் ஏக்கர், ரெண்டு ஏக்கர் தோட்டம் வைத்திருப்பவர்கள். பச்சை இலைக்குப் பணம் வந்தால்தான் பிரீமியம் வரும்.

பழைய லைசென்ஸ் மூன்று வருஷத்துக்குத்தான். 2007, 2010, 2013 என்று மூன்று தடவை புதுப்பித்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் 25 மணி நேரம் பயிற்சி, கட்டணம் 250 ரூபாய். விண்ணப்பம் காலாவதிக்கு 30 நாள் முன்னாடியே போய்ச் சேரவில்லை என்றால் இன்னொரு 100 ரூபாய் தண்டம். 2010-ல் அந்த நூறையும் கட்டினேன். பயிற்சிக்குக் கோயம்புத்தூர் போக வேண்டும். நாலு நாள் முதல் பஸ்ஸில் இறங்கி, ராத்திரி குஞ்சப்பனை வளைவுகளில் தூங்கி வழிந்துகொண்டே ஏறி வருவேன். குளிருக்குப் போட்ட ஸ்வெட்டரை மேட்டுப்பாளையத்தில் கழற்றி, திரும்பும்போது அங்கேயே மாட்டிக்கொள்வதுதான் அந்தப் பயிற்சியில் எனக்கு நன்றாக ஞாபகம் இருப்பது.

கடைசி அட்டையில் போட்டிருக்கும் காலாவதி தேதி செப்டம்பர் 2016. அதற்குப் பிறகு என்னை யாரும் புதுப்பிக்கச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. சும்மா இருந்தவனைக் கிளப்பிவிட்டது டெக்சாஸில் இருக்கும் என் தங்கச்சி மகள். அவளும் அங்கே இன்சூரன்ஸ் ஏஜெண்ட். ஒருநாள் ராத்திரி போன் செய்தபோது, "மாமா, பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி உட்கார்ந்திருக்கேன்" என்றாள். அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியாக லைசென்ஸ் கொடுக்குமாம். டெக்சாஸில் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை, ஏஜெண்ட் பிறந்த மாசத்தின் கடைசி நாளோடு முடிந்துவிடும். அதற்குள் 24 மணி நேரம் படிப்பு முடிக்க வேண்டும். அதில் 3 மணி நேரம் ஒழுக்கநெறி. "உங்களுக்கு எப்போ மாமா?" என்று கேட்டாள். நான் பீரோவைத் திறந்து அட்டையை எடுத்துப் பார்த்தேன். அன்றைக்குச் சரியாகத் தூக்கமில்லை.

அடுத்த வாரமே வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி. 'உங்கள் ஏஜெண்ட் லைசென்ஸ் காலாவதியாகிவிட்டது, 48 மணி நேரத்துக்குள் 1,180 ரூபாய் செலுத்தவும்', கீழே ஒரு லிங்க், மேலே அரசாங்க முத்திரை மாதிரி ஏதோ ஒன்று. வேறொரு ஊரில் ஒரு வேலையாகப் போயிருந்தபோது அங்கே ஒரு கடையில் இதைக் காட்டினேன். 'விண்ணப்பச் செலவு' என்று 150 ரூபாய் வாங்கிக்கொண்டு, அரை மணி நேரம் உட்கார வைத்து, சர்வர் இல்லை, நாளைக்கு வாங்க என்றார்கள். ரசீதும் தரவில்லை.

மறுநாள்தான் இந்த மாடிக்கு ஏறினேன். ரெண்டு கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ் மெஷின், லேமினேஷன் மெஷின். கீபோர்டில் பாதி எழுத்து தேய்ந்துபோய், அந்தப் பெண் ஸ்கெட்ச் பேனாவால் எழுதி வைத்திருக்கிறார். 1,180 ரூபாயை எண்ணி மேஜையில் வைத்து, "இதைக் கட்டிக் கொடும்மா" என்றேன். செய்தியைப் படித்துவிட்டுப் பணத்தை என் பக்கமே தள்ளினார்.

"போன மாசம் புதுப் பாலிசி ஏதாவது போட்டீங்களா சார்?"

"ஒண்ணு போட்டேன்."

"கமிஷன் வந்துச்சா?"

"வந்துச்சு."

"லைசென்ஸ் செத்து இத்தனை வருஷம் ஆச்சுன்னா, அந்தக் கமிஷனை உங்களுக்கு யார் போட்டாங்க?"

பேக்டரியில் வருஷக் கணக்காகப் பேரேடு எழுதியவன் நான். இந்தக் கேள்வி எனக்குத் தோன்றவில்லை பாருங்கள்.

அப்புறம் பொறுமையாகச் சொன்னார். 2015-ல் காப்பீட்டுச் சட்டத்தைத் திருத்திவிட்டார்களாம். 2016 ஏப்ரல் 1-லிருந்து ஏஜெண்டை நியமிப்பது அந்தந்தக் கம்பெனியின் வேலை. காப்பீட்டுத் துறையைக் கண்காணிக்கும் ஆணையமான ஐஆர்டிஏஐ ஏஜெண்டுக்கு லைசென்ஸ் கொடுப்பதும் இல்லை, மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிப்பதும் இல்லை. பழைய ஆட்களும் அப்படியே புது முறைக்குள் வந்துவிட்டோம். என் அட்டைக்கு உயிர் போனது நிஜம், ஏஜென்சிக்குப் போகவில்லை. கம்பெனிக் கூட்டத்தில் இதைச் சொல்லியிருப்பார்கள். போண்டா வந்த நேரமாக இருந்திருக்கும்.

இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். அவரும் ஏஜெண்ட் ஆவதற்கான ஐசி-38 பரீட்சை எழுதியவராம். 50 கேள்வி, 35 சதவீதம் வாங்கினால் பாஸ், தமிழிலேயே எழுதலாம். இவர் வாங்கியது 39. "பாஸ் பண்ணிட்டேன் சார், ஆனா சொந்தக்காரங்க வீட்டுக்குப் போய்ப் பாலிசி போடுங்கன்னு கேட்க வாய் வரலை. கடையைப் போட்டுட்டேன்" என்றார். அந்தச் சங்கடம் எனக்குத் தெரியும். எனக்கே முதல் ரெண்டு வருஷம் கல்யாண வீட்டில் என்னைக் கண்டால் ஆட்கள் பந்திக்கு எழுந்து போய்விடுவார்கள்.

பேச்சோடு விடவில்லை. ஐஆர்டிஏஐயின் ஏஜென்சி போர்ட்டலைத் திறந்து என் பான் எண்ணைப் போட்டார். அதை யார் வேண்டுமானாலும் பார்க்கலாமாம். வெளியே மஞ்சு இறங்கி ஜன்னல் வெள்ளையாகிவிட்டது, நெட் இழுத்துக்கொண்டே இருந்தது. ஒரு வழியாகப் பக்கம் திறந்தது. என் பெயர், பக்கத்திலேயே என் கம்பெனியின் பெயர். கண்ணாடியைத் துடைத்துவிட்டு ரெண்டாவது தடவை படித்தேன். "எதுக்கும் உங்க பிராஞ்சுக்கும் ஒரு போன் போட்டுடுங்க" என்றார். அங்கிருந்தே போட்டேன். புதுப்பிக்க ஒன்றும் இல்லை, வருஷத்துக்கு இவ்வளவு பிசினஸ் என்ற கணக்கை மட்டும் விடாமல் பாருங்கள் என்றார்கள். அந்தக் கணக்கு எனக்கே தெரியும், அதுதான் உண்மையான தலைவலி.

பிரிண்ட் எடுத்துக் கொடுத்ததற்கும் தேடியதற்கும் சேர்த்து அவர் வாங்கியது 20 ரூபாய். வாட்ஸ்அப் நம்பரை பிளாக் செய்து கொடுத்ததற்கு ஒன்றும் இல்லை.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். உட்கார ஒரே ஒரு நாற்காலி, அதிலும் பெரும்பாலும் யாருடைய பையாவது இருக்கும். மதியம் ஒன்றிலிருந்து இரண்டரை வரை சாப்பாட்டுக்குப் பூட்டிவிடுகிறார், வெளியே போர்டு கிடையாது, நான் ஒரு தடவை ஏறி ஏமாந்தேன். பாஸ்போர்ட் போட்டோ எடுத்தால் நம்மை அடையாளம் தெரியாத அளவுக்கு வெள்ளையாக்கிவிடுகிறார். மாடியில் சிக்னல் சரியாக இல்லை, ஜிபே செய்ய ஜன்னலுக்கு வெளியே கையை நீட்ட வேண்டும், சில்லறை கொண்டுபோய்விடுங்கள். படிக்கட்டுக்குக் கைப்பிடி ஒரு பக்கம் மட்டும்தான், இறங்கும்போது அது இடது கைப் பக்கம் வரும். எனக்கு வலி வலது முட்டியில்.