பெரிய மீனுக்கு: கண்மாயில் தனியாகவா, முல்லையாற்றில் ஆளோடா?

மதுரையில் ரீல் தூண்டில் வாங்கியவர்களுக்கெல்லாம் கொஞ்ச நாளில் ஜிலேபி கெண்டை அலுத்துவிடும். கை வலிக்க இழுக்கிற மீன் ஒன்று வேண்டும் என்று தோன்றும். அப்போது இரண்டு வழி. மேலூர், திருமங்கலம் பக்கம் ஏதாவது கண்மாய்க் கரையில் தனியாக உட்காரலாம். அல்லது தேனியைத் தாண்டிப் போய், முல்லையாற்றில் விவரம் தெரிந்த உள்ளூர் ஆளைக் கூட வைத்துக்கொள்ளலாம். இரண்டையும் பார்த்துவிட்டு நான் ஆற்றுப் பக்கம் சாய்ந்துவிட்டேன். வைகை என்னாச்சு என்பவர்களுக்கு: மதுரைக்குள் தூண்டில் போட முதலில் அதில் தண்ணீர் வர வேண்டும்.

கண்மாய் பக்கம், செலவு குறைவு, காலையில் போய்விட்டு வேலைக்குத் திரும்பிவிடலாம். விரால்தான் அங்கே ராஜா. ஆகாயத்தாமரை ஓரத்தில் மூச்செடுக்க மேலே வந்து போகும். அந்த அசைவைப் பார்த்து ரப்பர் தவளையை வீசினால் பாய்ந்து அடிக்கும். ஆனால் பல கண்மாய்கள் மீன் குத்தகையில் இருக்கின்றன. கட்லா, ரோகு குஞ்சு வாங்கித் தண்ணீரில் விட்டிருக்கிற குத்தகைக்காரரிடம் கேட்காமல் கம்பை நீட்டினால் சண்டைதான். கேட்டால் சிலர், "விரால் மட்டும் பிடிச்சுக்கங்க, குஞ்சையெல்லாம் அதுதான் திங்குது" என்று சிரித்துக்கொண்டே விடுவார்கள். கோடையில் தண்ணீர் வற்றி, ஊரே ஊத்தாவோடு (மீனைக் கவிழ்த்துப் பிடிக்கிற கூடை) மீன்பிடித் திருவிழாவுக்கு இறங்கிவிட்டால் அந்தக் கண்மாயை அடுத்த மழை வரை மறந்துவிட வேண்டியதுதான்.

முல்லையாறு வேறு கதை. அங்கே தூண்டிலை விட முக்கியம் தண்ணீர்க் கணக்கு. பெரியாறு அணைத் தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக வந்து, லோயர்கேம்ப்பில் ராட்சதக் குழாய்களில் இறங்கி மின்சாரம் எடுக்கப்பட்ட பிறகுதான் கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், வீரபாண்டி என்று ஓடுகிறது. அதாவது ஆற்றின் அளவை மேலே ஒருவர் முடிவு செய்கிறார். கம்பம் பள்ளத்தாக்கு முதல் போகத்துக்குத் திறக்கும்போது விநாடிக்கு 300 கன அடி என்பார்கள். மழைக்காலத்தில் அது ஆயிரத்தைத் தாண்டும். குறைந்த தண்ணீரில் தடுப்பணைக்குக் கீழே மடுவில் கிடக்கிற கெளுத்தி, தண்ணீர் ஏறியதும் கரையோர வேர்ச்சந்துக்கு ஒதுங்கிவிடும். நேற்று மீன் கடித்த இடத்தில் இன்று பொழுது முழுக்க உட்கார்ந்தாலும் தக்கை அசையாது.

இதைப் படித்துத் தெரிந்துகொள்ள முடியாது. எனக்கு வழிகாட்ட வாய்த்த உள்ளூர் அண்ணன் முள்ளில் கோழிக்குடல் கோர்ப்பதற்கு முன்னால் ஒரு வேலை செய்வார். மூங்கில் குச்சி ஒன்றைத் தண்ணீர் விளிம்பில் குத்தி, ஈரம் தொடும் இடத்தில் நகத்தால் கீறிவிடுவார். நான் தக்கையைப் பார்ப்பேன், அவர் குச்சியைப் பார்ப்பார். கீறல் முழுகினால், "தம்பி, சுருட்டுங்க, தண்ணி ஏறுது." பேச்சே கிடையாது, கரைக்கு ஏறிவிட வேண்டும். குளிக்க இறங்கியவர்களை இந்த ஆறு அடித்துப் போன செய்திகளைப் படித்தவர்களுக்கு அந்தக் குச்சியின் அருமை தெரியும்.

தண்ணீர் தெரிந்த ஆளைக் கூட வைத்துக்கொள்வது நம்மூரில் மட்டும் இல்லை. அமெரிக்காவில், அலாஸ்காவின் கீனாய் ஆற்றில் 1985-ல் 97 பவுண்டுக்கு மேல், அதாவது 44 கிலோ, எடையுள்ள சால்மன் தூண்டிலில் சிக்கியது. அது இன்றும் பேசப்படுகிற சாதனை. முட்டையிடக் கடலிலிருந்து ஏறி வரும் சால்மன் ஆற்றுக்குள் பெரும்பாலும் இரை எடுப்பதில்லை. எந்த மடுவில் அது ஓய்ந்து நிற்கும் என்று தெரிந்தவருக்குத்தான் அங்கே காசு கொடுக்கிறார்கள். உரிமம் வாங்கிய கைடுகள் அவர்கள். நம்மூரில் போர்டு கிடையாது, டீக்கடையில் விசாரித்துத்தான் பிடிக்க வேண்டும். விற்கிற சரக்கு ஒன்றுதான்: அன்றைய தண்ணீரைப் பற்றிய அறிவு.

மீன் அளவில் ஆறுதான் ஜெயிக்கும் என்று சத்தியம் செய்ய மாட்டேன். நல்ல மழை வருடத்துக் கண்மாய் விரால் என் ஆற்றுக் கெளுத்தியைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும். அப்புறம், வடகிழக்குப் பருவமழையில் நான் முல்லையாற்றில் இறங்கியதே இல்லை. விலாங்குக்காக இரவில் உட்காருபவர்களின் அனுபவமும் எனக்கு இல்லை.

போவதாக இருந்தால் பெட்ரோல், சாப்பாடு, அவருடைய அரை நாள் கூலி, மீன் யாருக்கு என்பதை முதல் நாளே போனில் பேசி முடித்துவிடுங்கள். அன்றைக்குத் தண்ணீர் அதிகம், வர வேண்டாம் என்று அவர் சொன்னால் சரி என்று விட்டுவிடுங்கள். அப்படிச் சொல்லத் தெரியாத ஆளோடு போவதற்குக் கண்மாயே மேல்.